கருப்பாயிக்கு ஆறு மாச வாரண்டு

எங்க சொன்னான்குளத்துக்காரங்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். முட்டாள் என்றால் சொன்னது புரியாதவன். எங்களுக்குச் சொன்னது சொன்னபடியே புரியும். ஒரு எழுத்து கூடாது, ஒரு எழுத்து குறையாது. ஒரு தடவை பஸ் கண்டக்டர் "படியில நிக்காதய்யா" என்று சத்தம் போட்டதும், எங்க ஊர் ஆள் ஒருத்தர் அந்த நிமிஷமே படியில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு பணிவான மனுஷனைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போனான் அந்தக் கண்டக்டர். நல்லவனுக்கு எங்கே காலம் இருக்கு?

கருப்பாயி விஷயத்திலும் நடந்தது இதேதான். நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க.

கருப்பாயி எங்க ஊரிலேயே ஒரே கார். நாலு பேருக்குக் கூட்டுச் சொத்து. மூத்தவர் ஆண்டியப்பன் அண்ணாச்சி, வயசு ஐம்பத்திரண்டு. கார் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அடுத்தது பிச்சையா, முப்பத்தொன்பது. அதற்கடுத்தது குத்தாலம், முப்பத்தாறு. எதையும் தீர யோசித்துத்தான் பேசுவான், அதுதான் எல்லாருக்கும் பயம். கடைசி ஆள் தளவாய், முப்பத்துநாலு. ஒரு வேலையைச் சொன்னால் முடிக்காமல் சோறு தின்னமாட்டான்.

பிச்சையாவுக்குப் பதினாறு இடத்தில் பெண் பார்த்துப் பதினாறும் தட்டிப்போச்சு. பாவம், அவனும் ஆசைப்படாத நாளில்லை. பதினேழாவதாக அமைந்தவள் மேலக்கரை வேலாண்டியின் மகள் ஆவுடைத்தாய். பெண் பார்க்கப் போன இடத்தில் "பொண்ணை நல்லாப் பாத்துக்கோடே" என்று யாரோ சொல்ல, பிச்சையா முக்கால் மணி நேரம் கண்ணெடுக்காமல் பார்த்தான். அவளிடமும் "மாப்பிள்ளையைப் பாத்துக்கோ தாயி" என்று சொல்லியிருந்ததால் அவளும் கண்ணெடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் காபி ஆறிப் போச்சு. இப்படி ஒரு பொருத்தம் எந்த ஜாதகத்திலும் வராது.

ஆனால் வேலாண்டி ஒரு நிபந்தனை போட்டார். "மாப்பிள்ளை கார்ல வந்து இறங்கணும். என் மூத்த மருமகன் டவுன் பஸ்ல வந்து இறங்கினதை எங்க பங்காளிக இன்னும் சொல்லிக் காட்டுதானுவ. கார்ல வந்து இறங்கலேன்னா பொண்ணு கிடையாது."

முகூர்த்தம் ஆவணி இருபது, வியாழக்கிழமை, காலை பத்தரைக்குள். பிச்சையா பிறந்தது ஆவணி பத்தொன்பது. இந்தத் தேதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வெச்சுக்கோங்க.

அந்த நேரம் பார்த்துக் கருப்பாயியின் இன்ஜின் படுத்துவிட்டது. டவுனில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் இஸ்ரவேலிடம் கொண்டுபோனார்கள். இஸ்ரவேல் நல்ல தொழில்காரர், முப்பத்தெட்டு வயசு, முன்கோபி. இன்ஜினை இறக்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றி, புதுசு மாதிரி ஆக்கி ஏற்றினார். ஒரு ரோஸ் நிற அட்டையில் 'ஆறு மாத வாரண்டி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. ஆயிரம் கிலோமீட்டர் ஓடுத வரைக்கும் நாப்பதுக்கு மேல போகக்கூடாது. வெளியாள் யாரும் கை வைக்கக்கூடாது, வெச்சா வாரண்டி போயிரும். தண்ணி குறையாம பாத்துக்கிடணும். ஆறு மாசத்துக்குள்ள என்ன ஆனாலும் என் பொறுப்பு."

இந்த நாலு வாக்கியத்தையும் எங்க ஆட்கள் தலையை ஆட்டி ஆட்டி மனப்பாடம் பண்ணிக்கொண்டார்கள். ஆண்டியப்பன் காரில் ஏறி, சாவியைத் திருகி, கிளப்பினார். வாசலைத் தாண்டினார். தாண்டியதும் பட்டென்று பிரேக் போட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

"ஏன் அண்ணாச்சி?" என்றான் பிச்சையா.

"எனக்கு ஐம்பத்திரண்டுலே. நாப்பதுக்கு மேல போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காருல்லா?"

எல்லாருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அண்ணாச்சி மட்டும் கவனிக்காமல் இருந்திருந்தால் இன்ஜின் என்ன ஆகியிருக்கும்! அதற்குப் பிறகு மாட்டுவண்டி ஓட்டிப் பழகிய குத்தாலம் ஸ்டீரிங்கைப் பிடிக்க, அண்ணாச்சி பக்கத்திலேயே ஓடி வந்து "வலப்பக்கம் ஒடிலே, ஒடி! இடக்கால அமுக்கு!" என்று சொல்லிக்கொடுக்க, கருப்பாயி ஆள் நடக்கிற வேகத்தில் ஊர் வந்து சேர்ந்தது.

ஊருக்கு வந்ததும் அடுத்த சிக்கல். வெளியாள் கை வைக்கக்கூடாது.

"நாம வெளியாளா, உள்ளாளா?" என்று கேட்டான் தளவாய்.

குத்தாலம் வெகுநேரம் யோசித்தான். "காருக்கு உள்ள இருந்தா உள்ளாள். காருக்கு வெளிய நின்னா வெளியாள்."

"அப்போ வெளிய நிக்கிற நான் கதவைத் திறந்தா?"

"வாரண்டி போயிரும்."

"உள்ள இருக்கிறவன் திறந்து விட்டா?"

"அது செல்லும்."

ஆகவே எப்போதும் ஒருத்தன் காருக்கு உள்ளேயே இருக்கவேண்டும் என்று முடிவாயிற்று. கல்யாணம் பிச்சையாவுக்குத்தானே? அவனையே உள்ளே வைத்தார்கள். பதினஞ்சு நாள் அவன் காருக்குள்ளேயே குடியிருந்தான். சோறு ஜன்னல் வழியாகப் போகும். பந்தக்கால் நட்டபோதும் அவன் ஜன்னல் வழியாகத்தான் கும்பிட்டான்.

தண்ணீர் பார்க்கும் வேலை தளவாயிடம் போச்சு. பிச்சையா உள்ளேயிருந்து கம்பியை இழுப்பான், முன்மூடி லேசாக வாயைத் திறக்கும். தளவாய் தலையால் முட்டி அதைத் தூக்குவான். கை வைக்கக்கூடாது என்றார்களே தவிர, தலை வைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ரேடியேட்டர் மூடியை முதல் நாளே பல்லால் கடித்துத் திறந்து வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் சாப்பாட்டு நேரம் போக மீதி நேரமெல்லாம் உள்ளே தண்ணீரைப் பார்த்தபடியே நின்றான்.

ஆவணி பதினேழு, திங்கட்கிழமை. சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் புறப்பட்ட கருப்பாயி, ஊர் எல்லைக்கல் தாண்டியதும் குப்பென்று புகைந்து, கடகடவென்று நடுங்கி, நின்றேபோனது.

அங்கிருந்து டவுனுக்கு எட்டு மைல். கையால் தள்ளக்கூடாது. எனவே மூன்று பேரும் காரின் பின்பக்கம் முதுகைக் கொடுத்து, வந்த வழியைப் பார்த்தபடி, பின்னாலே பின்னாலே கால் வைத்துத் தள்ளினார்கள். எங்கே போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. உள்ளே ஸ்டீரிங் பிடித்திருந்த பிச்சையா "ஒர்க்‌ஷாப் வந்துட்டு, நில்லுங்க" என்று சொன்ன பிறகுதான் நின்றார்கள்.

இஸ்ரவேல் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தார். முகம் கறுத்தது. "அடப்பாவிகளா, வெந்து போயிருக்கு! நாப்பதுக்கு மேல போனீயளா?"

"சத்தியமா இல்லை. நான் நடந்துல்லா வாரேன்" என்றார் ஆண்டியப்பன்.

இஸ்ரவேலுக்கு இது விளங்கவில்லை. "வெளியாள் யாராச்சும் கை வெச்சாங்களா?"

"ஒரு விரல் படலை" என்றான் குத்தாலம்.

"தண்ணி?"

தளவாய் நெஞ்சை நிமிர்த்தினான். "கண்ணெடுக்காம பாத்துக்கிட்டேன். முதல் நாள் விளிம்பு வரைக்கும் இருந்தது. மறுநாள் ஒரு விரக்கடை குறைஞ்சது, பாத்தேன். அதுக்கு மறுநாள் இன்னும் குறைஞ்சது, பாத்தேன். நேத்து சுத்தமா இல்லை. அதையும் பாத்தேன்."

"ஊத்தலியா?"

"பாக்கத்தானே சொன்னீய? ஊத்தச் சொல்லலியே?"

இஸ்ரவேல் கையில் இருந்த ஸ்பேனரைத் தூக்கி எறிந்தார். "வாரண்டி செல்லாது! தள்ளிட்டுப் போங்க!"

அப்போதுதான் ஆண்டியப்பன் இடுப்பிலிருந்து ரோஸ் நிற அட்டையை எடுத்தார். அவர் மச்சான் ஒருத்தர் வரப்புத் தகராறில் மாட்டியவர். அதனால் அண்ணாச்சிக்குச் சட்டம் கொஞ்சம் தெரியும்.

"இஸ்ரவேலு, கோவப்படாதீரும். எங்க மச்சானுக்கு வந்த வாரண்டு போலீஸ் எழுதினது. இது நீரே உம்ம கையால எழுதினது. ஆறு மாசம்னு நீரே போட்டிருக்கீரு. என்ன ஆனாலும் என் பொறுப்புன்னு நீரே வாயால சொன்னீரு. தன்னைத் தானே ஆறு மாசம் உள்ள போடச் சொல்லி எழுதிக் குடுத்த நேர்மையான ஆளை நான் இதுவரை பாத்ததே இல்லை. நாங்க நல்லவங்க, இப்போதைக்கு உள்ள போடலை. இன்ஜினை மட்டும் சரி பண்ணிக் குடும்."

"அது வாரண்டு இல்லய்யா, வாரண்டி!"

"ஒரு எழுத்துக்காக ஒருத்தன் கல்யாணம் நிக்கணுமா?"

காருக்குள்ளிருந்து விசும்பல் கேட்டது. பிச்சையா ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தான். "பதினேழாவது இடம் அண்ணாச்சி. அவ என்னைப் பாத்த மாதிரி ஒருத்தரும் என்னைப் பாத்ததில்லை. வியாழக்கிழமை கார்ல வந்து இறங்கலேன்னா அவ எனக்குக் கிடையாது. இஸ்ரவேலு, நீங்க சொன்னதுல எதை நாங்க செய்யாம விட்டோம், சொல்லுங்க?"

இஸ்ரவேல் யோசித்துப் பார்த்தார். நாலு வாக்கியத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். உண்மையாகவே எதையும் விடவில்லை. அவருக்கும் இளகிய மனசுதான். "சரிய்யா, அழாத. மறுபடியும் எல்லாம் மாத்தித் தாரேன். இன்ஜினை இறக்கி வெச்சுட்டுப் போங்க. வியாழக்கிழமை காலையில வந்து எடுத்துக்கோங்க."

சங்கிலி போட்டு இன்ஜினை இறக்கிவிட்டுக் கை கழுவிச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தால் இன்ஜின் இருந்தது, காரைக் காணோம். இன்ஜினைத்தானே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்? மீதியை எடுத்துக்கொண்டு, முதுகைக் கொடுத்து, எங்க ஆட்கள் ஊர்ப் பக்கம் ஒரு மைல் வந்திருந்தார்கள்.

புதன்கிழமை விடிந்ததும் புது இடி. பிச்சையாவுக்கு நாற்பது முடிந்தது. மறுநாள் முகூர்த்தத்தன்று நாற்பதுக்கு மேலே ஒரு நாள்.

அண்ணாச்சி கலங்கிய கண்ணோடு ஜன்னல் பக்கம் வந்தார். "பிச்சையா, இறங்குப்பா."

பதினஞ்சு நாளாக உள்ளாளாக இருந்தவன், ஒரு பொடியனை உள்ளே ஏற்றிவிட்டு, வெளியாளாகித் தரையில் நின்றான். கால் மரத்துப் போய்த் தள்ளாடினான். நாற்பதுக்கு மேலே போகக்கூடாது, ஆனால் காரில் வந்து இறங்கவேண்டும். என்ன செய்வது? கூட்டம் கூடியது. ஒருத்தர் கல்யாணத்தைப் போன வருஷத்துக்கு மாற்றச் சொன்னார். அது நல்ல யோசனைதான், ஆனால் பத்திரிகை அடித்தாகிவிட்டது.

கடைசியில் குத்தாலம் எழுந்தான். "மெக்கானிக் என்ன சொன்னாரு? போகக்கூடாதுன்னாரு. வரக்கூடாதுன்னு சொன்னாரா?"

"இல்லை."

"பொண்ணோட அப்பா என்ன சொன்னாரு? வந்து இறங்கணும்னாரு. போயி இறங்கணும்னு சொன்னாரா?"

"இல்லை!"

"நம்ம ஊர்லேருந்து மேலக்கரை எல்லை வரைக்கும் நாம போறோம். எல்லைக்கல்லைத் தாண்டிட்டா அவங்க கணக்குக்கு நாம வாரோம். அதனால பிச்சையா எல்லை வரைக்கும் நடந்து போகட்டும். கல்லுகிட்ட ஏறி உக்காந்து வரட்டும்."

ஊரே கைதட்டியது. அண்ணாச்சி குத்தாலத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இதையெல்லாம் யோசிக்க ஒரு தலை வேண்டும் சார், சும்மா இல்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு லோடு ஆட்டோவில் இன்ஜினை ஏற்றிக்கொண்டு இஸ்ரவேலே எங்க ஊருக்கு வந்துவிட்டார். இரண்டு நாளாகக் கண்ணே மூடவில்லை, கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. "காரை எதுக்குலே கொண்டாந்தீய! நகருங்க, ஒரு மணி நேரத்துல மாட்டித் தந்துடுதேன்" என்று காரை நோக்கி ஓடினார்.

தளவாய் குறுக்கே விழுந்து தடுத்தான். "கை வைக்காதீய!"

"ஏன்?"

"டவுன்ல நீங்க உள்ளாள், எங்க ஊருக்கு வெளியாள். வெளியாள் கை வெச்சா வாரண்டி போயிரும்."

"லேய், அதைச் சொன்னவனே நான்தான்லே!"

"சொன்ன நீங்களே மீறலாமா?" என்று வருத்தத்தோடு கேட்டான் தளவாய்.

கூட்டத்தில் யாரோ நாற்பது வயசுக் கதையைச் சொன்னதும் இஸ்ரவேல் தலையில் அடித்துக்கொண்டார். "நாப்பதுன்னா வயசு இல்லய்யா, வேகம்! மணிக்கு நாப்பது கிலோமீட்டர்!"

"அன்னைக்கு அப்படிச் சொல்லலியே. இன்னைக்கு மாத்திச் சொன்னா வாரண்டு செல்லுமா?" என்றான் குத்தாலம்.

"அப்போ இந்த இன்ஜினை என்னதான் செய்ய?"

"நீருதான் சொல்லணும். உம்ம பொறுப்பு" என்றார் ஆண்டியப்பன்.

இஸ்ரவேல் ஆத்திரம் தாங்காமல் கத்தினார். "தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுங்க!"

எல்லாருக்கும் சமாதானம் ஆயிற்று. கையில் வைக்கச் சொல்லவில்லை, தலையில்தான் வைக்கச் சொல்கிறார். எவ்வளவு முறையான மனுஷன்! ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து, தோளாலும் முதுகாலும் நெம்பி இன்ஜினை அதில் சரித்து, கட்டிலோடு ஆறு பேர் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். மேளம் கொட்ட, இன்ஜின் முன்னாலே ஆடி ஆடிப் போக, பின்னாலே குத்தாலம் ஸ்டீரிங் பிடித்த கருப்பாயியைத் தளவாய் ஆட்கள் முதுகால் தள்ள, பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை ஓரமாக நடந்தான். இஸ்ரவேல் தன் இன்ஜினை விட்டுப் பிரிய மனசில்லாமல் கூடவே ஓடினார்.

என்னிடம் அண்ணாச்சி "ஊரைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனதால் நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஊரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். மேலக்கரையில் நடந்தது தவில்காரர் பிறகு வந்து சொன்னது.

எல்லைக்கல்லருகே பிச்சையா காரில் ஏறினான். பந்தல் வாசலில் வேலாண்டி பங்காளிகள் சூழ நின்றிருந்தார். முதலில் ஆடி வந்த இன்ஜினைப் பார்த்து ஒரு நிமிஷம் அசந்து போனார். அப்புறம் அவர் மீசை துள்ளியது. "பாத்தீயளாலே! எல்லாவனும் காருக்குள்ள இன்ஜினை ஒளிச்சு வெச்சுக் கொண்டாருவான். எங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தனியா, தலையில வெச்சு, சீராக் கொண்டாந்திருக்காங்க!"

பங்காளிகள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இன்ஜினுக்கு வழி விட்டார்கள். இன்ஜினுக்குத்தான் முதல் ஆரத்தி. பிறகு பிச்சையா காரில் வந்து இறங்கினான். பத்து மணிக்குத் தாலி கட்டினான். ஆவுடைத்தாய் அவனைப் பார்த்தாள், அவனும் பார்த்தான், ஐயர் மூன்று தடவை கனைத்த பிறகுதான் அடுத்த மந்திரம் நடந்தது.

சீராக வந்த இன்ஜின் அங்கேயே தங்கிவிட்டது. சாயங்காலம் ஊர் திரும்ப வேண்டும். காருக்குள் யாராவது ஒருத்தர் இருக்கவேண்டும், தள்ளவும் ஆள் வேண்டும். ஆண்டியப்பன் அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"இஸ்ரவேலு, வாரண்டுப்படி நீரு ஆறு மாசம் உள்ள இருக்கணும். இப்போ ஆரம்பிச்சுருவோம். உள்ள உக்காந்துட்டா நீரும் உள்ளாள், ஒரு தொந்தரவும் இல்லை. எங்க ஊர் எல்லைக்கல் வந்ததும் நிறுத்தச் சொல்லும். பிச்சையா அங்க ஏறி வரட்டும்."

இஸ்ரவேல் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தார். மூன்று பேரோடு மாப்பிள்ளையும் சேர்ந்து முதுகைக் கொடுத்தான். வேலாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம், "தாயி, இனிமே உன் புருஷன் பின்னாலேயே போகணும்" என்றார்.

அவள் அப்படியே செய்தாள். பிச்சையா காருக்கு முதுகு காட்டித் தள்ள, அவன் பின்னால் போன ஆவுடைத்தாய்க்கும் அவனுக்கும் நடுவே இரண்டு முழ தூரம். முகத்துக்கு முகம். ஆறு மைலும் அவன் அவளைப் பார்த்தபடி பின்னாலே பின்னாலே நடந்தான், அவள் அவனைப் பார்த்தபடி முன்னாலே முன்னாலே நடந்தாள். கல்யாண ஊர்வலத்தில் இவ்வளவு சந்தோஷமான ஜோடியை நான் பார்த்ததில்லை.

ஆமாம், நானே பார்த்தேன். ஊரைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? கருப்பாயி எல்லைக்கல்லைத் தாண்டி வந்தது. நிற்கவில்லை. ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்து இஸ்ரவேல் நல்ல தூக்கத்தில் இருந்தார். எங்க ரோடு வளைவே இல்லாத நேர் ரோடு. தள்ளுகிற நாலு பேருக்கும் முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. தாண்டின கல் கண்ணில் பட்டாலும், இஸ்ரவேல் நிறுத்தச் சொல்லாமல் எப்படி நிற்பது? ஆண்டியப்பன் மட்டும் "வழி விடுங்க! வழி விடுங்க!" என்று சத்தம் போட்டுக்கொண்டே தள்ளினார்.

ஊர் முழுக்க ரோட்டோரம் நின்றிருந்தோம். வழி விட்டோம்.

அந்தப் பக்க எல்லையையும் தாண்டிப் போனார்கள். அதோடு நாலு மாசம் ஆகிறது. யாரும் கவலைப்படவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஆகிவிட்டால் நாற்பதுக்கு மேலேயும் போகலாம் என்று மெக்கானிக்கே சொல்லியிருக்கிறார். பிச்சையா காரில் ஏறி உட்கார்ந்து திரும்பி வருவான். அதுவரைக்கும் நான் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.